என் கிருமியும் மும்தாஜ் அக்காவின் கிருமியும்

அந்த அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. வெளியிலும் இல்லை, உள்ளேயும் இல்லை. லேசாகத் தள்ளினாலே திறந்துகொள்ளும். அப்படிப்பட்ட கதவை இருபத்தாறு நாள் நானாகத் தாண்டவில்லை. வெளிப்பக்கம் ஒரு மஞ்சள் தாள் ஒட்டியிருந்தார்கள். அதில் என் பெயர் இல்லை; படுக்கை எண்ணும், கையுறை, மேலங்கி, முகக்கவசம் ஆகியவற்றின் படங்களும்தான். நடைபாதையில் வருகிறவர்கள் அதைப் பார்த்ததும் எதிர்ச்சுவரோரமாக ஒதுங்கிப் போவது கதவிலிருந்த கண்ணாடிச் சதுரம் வழியாக எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. என்ன ஆயிற்று என்று கேட்கிறவர்களிடம் சிறுநீரகக் கல் என்று சொல்லி முடித்துக்கொள்கிறேன். அது பொய்யில்லை. ஆனால் என்னை அங்கே பிடித்து வைத்தது கல் அல்ல. அது என்ன என்று ஒருமுறை முழுதாகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் பரிமளா. வயது நாற்பத்தொன்று. வீடு கள்ளிக்குப்பத்தில். அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்புகளுக்கு ரப்பர் வளையம் செய்யும் ஒரு கம்பெனியில், தரம் பார்க்கும் பிரிவில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். ஒருநாள் காலை ஷிப்டில் வலது விலாவுக்குக் கீழே வலி பிடித்தது. பிரசவ வலியாவது நடுவில் மூச்சுவிட நேரம் கொடுத்தது. இது கொடுக்கவில்லை. ஆவடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் கணவர் சேகர் வந்து, எங்கள் பக்கத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துப் போனார். அதன் பெயர் இங்கே வேண்டாம்.

ஸ்கேனில், சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாயில் ஒரு கல் சிக்கியிருந்தது. மேலே சிறுநீர் தேங்கி, சிறுநீரகம் வீங்கியிருந்தது. முதலில் அடைப்பைத் தாண்டி ஸ்டென்ட் என்ற மெல்லிய பிளாஸ்டிக் குழாயை வைத்து வடியவிடுவோம், வீக்கம் குறைந்ததும் கல்லை எடுப்போம் என்றார்கள். ஒரு வாரம் என்றார்கள். பெண்கள் பொதுவார்டில் படுக்கை கிடைத்தது.

பக்கத்துப் படுக்கையில் மும்தாஜ் அக்கா. பூந்தமல்லியில் தலையணை, மெத்தைக் கடை. ஐம்பத்தெட்டு வயது, இருபது வருடச் சர்க்கரை. வலது பாதத்தில் ஆறாத புண்ணுக்காகச் சேர்ந்திருந்தார். வந்த அன்றே, நான் வலியில் சுருண்டு கிடந்தபோது, என் தலைமுடி முகத்தில் விழாமல் இருக்கத் தன் கிளிப்பைக் கழற்றி ஆயா மூலம் கொடுத்தனுப்பினார். அன்றே ஸ்டென்ட் வைத்துவிட்டதால், இரண்டாம் நாள் எனக்கு எழுந்து நடக்க முடிந்தது. அவருக்கு முடியாது. அவருடைய மகள் ஷபானா அம்பத்தூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. காலையில் வந்து பார்த்துவிட்டுப் போனால் இருட்டிய பிறகுதான் வருவாள். பகலில் அவருக்கு நான்தான் துணை.

இரண்டு படுக்கைகளுக்கும் நடுவில், சுவரில் ஒரு சின்ன வாஷ்பேசின். குழாயைத் திறந்தால் தண்ணீர் நேராக வடிகால் ஓட்டையில் விழுந்து நாலாபுறமும் தெறிக்கும். எல்லோரும் கை கழுவுவது அதில்தான். மீந்த கஞ்சி, குளுகோஸ் பாட்டிலில் மிஞ்சியது எல்லாவற்றையும் ஊற்றுவதும் அதில்தான். ஒவ்வொரு தொழுகைக்கு முன்னாலும் மும்தாஜ் அக்கா கை, முகம், கால் கழுவி ஒளு செய்ய வேண்டும். நான் அந்தக் குழாயில் மக்கில் தண்ணீர் பிடித்து வந்து, கீழே ஒரு தட்டை வைத்து, அவர் கையிலும் நல்ல பாதத்திலும் ஊற்றுவேன். தண்ணீர் இல்லாமலும் செய்யலாமே அக்கா என்று ஒருமுறை கேட்டேன்.

“செய்லாம், நோயாளிக்கு அனுமதி கீது. ஆனா தண்ணி பட்டாத்தான்மா எனக்குத் தொழுத மாதிரி இருக்கும்” என்றார்.

மூன்று நாள் அப்படிப் போனது.

ஐந்தாம் நாள் மதியம் எனக்குக் குளிர் எடுத்தது. காய்ச்சலுக்கு வரும் சாதாரணக் குளிர் இல்லை. கட்டில் சுவரில் மோதிச் சத்தம் போடும் அளவுக்கு உடம்பு தூக்கிப்போட்டது. மும்தாஜ் அக்கா தன் போர்வையை என் பக்கம் வீசிவிட்டு நர்ஸைக் கூப்பிட்டார். ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. சிறுநீரில் இருந்த கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது என்று பிறகு சொன்னார்கள். ரத்தத்தையும் சிறுநீரையும் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். கல்ச்சர் என்றால், கிருமிக்குச் சாப்பாடு போட்டு வளர்த்து, அது யார் என்று கண்டுபிடிப்பது. பிறகு எந்த மருந்துக்கு அது சாகும் என்று சோதிப்பது. இதற்கெல்லாம் மூன்று நாள் ஆகும். அந்த மூன்று நாளும் ஊகத்தில்தான் மருந்து கொடுத்தார்கள், காய்ச்சல் இறங்கவில்லை.

மூன்றாம் நாள் நுண்ணுயிரியல் துறையிலிருந்து டாக்டர் சித்ரலேகா வந்தார். ஒல்லியாக, நரைத்த முடியோடு, அவசரமே இல்லாத பேச்சு. தன் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். வட்டத் தட்டு, அதில் மங்கலாகப் பரவிய கிருமிப் படலம், அதன் மேல் மருந்து தோய்த்த பொட்டளவு காகிதங்கள். மருந்து வேலை செய்தால் காகிதத்தைச் சுற்றிக் கிருமி செத்து, ஒரு தெளிவான வளையம் தெரியுமாம். பன்னிரண்டு வருடம் வளையங்களையே பார்த்துப் பிழைத்தவள் நான். அந்தத் தட்டில் ஒரு வளையமும் இல்லை.

கிருமியின் பெயர் க்ளெப்சியெல்லா. கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் மெரோபெனம் என்ற மருந்துக்கும் அது அசையவில்லை. மிச்சம் இருந்தது கொலிஸ்டின் என்ற பழைய மருந்து. சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று பல வருடம் ஒதுக்கி வைத்திருந்ததை, வேறு வழியில்லாதபோது எடுக்கிறார்களாம். ஏற்கெனவே ஒரு சிறுநீரகம் வீங்கிய எனக்கு அதைக் கொடுப்பது பற்றி சேகரிடம் கையெழுத்து வாங்கினார்கள். அன்று மாலையே என்னைத் தனியறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மற்ற நோயாளிகளுக்குப் பரவாமல் இருக்க. மும்தாஜ் அக்கா கையை உயர்த்திக் காட்டினார். நான் திரும்பக் கையை உயர்த்தினேனா என்று நினைவில்லை.

கட்டிலிலிருந்து கழிவறைக்கு ஏழு காலடி. கழிவறையிலிருந்து ஜன்னலுக்கு ஐந்து. ஜன்னல் திறக்காது. வெளியே புறவழிச் சாலையும், அதற்கப்பால் ஒரு கல்யாண மண்டபத்தின் முதுகுப்பக்கமும். அங்கே பாத்திரம் கழுவுகிறவர்கள் சிரிப்பது தெரியும், சத்தம் வராது. உள்ளே வருகிறவர் எல்லோரும் நீல மேலங்கி போட்டுக்கொண்டு வந்து, போகும்போது அதைக் கதவருகே குப்பையில் கழற்றிப் போடுவார்கள். என்னைத் தொட்டது எதையும் யாரும் வெளியே எடுத்துப் போக விரும்பவில்லை. சாப்பாட்டுத் தட்டு காகிதத்தில் வந்தது. வார்டு ஆயா மட்டும் வாய்விட்டுப் பேசுவார். “இன்னாமா பண்றது, உன் கைல இன்னா கீது, பூச்சிதான, போயிடும்” என்பார். ஆனால் கட்டிலிலிருந்து மூன்றடி தள்ளியே நிற்பார்.

பத்து வயது மகள் யாழினிக்கு அனுமதி இல்லை. சேகர் ஒரு பையில் என் துணிகளைக் கொண்டுவந்தபோது அவளுடைய அறிவியல் நோட்டு எப்படியோ அதில் சேர்ந்து உள்ளே வந்துவிட்டது. வந்தது வந்ததுதான், வெளியே போகாது என்று நர்ஸ் சொல்லிவிட்டார். நான் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து அனுப்ப, பட்டறையிலிருந்து வந்த கையோடு சேகர் புது நோட்டில் அதைப் பார்த்து எழுதினார். படங்களையும் வரைந்தார். தவளையின் இதயத்தை அப்பா லேத் மெஷின் மாதிரி வரைந்திருக்கிறார் என்று யாழினி போனில் புகார் சொன்னாள். அன்றைக்குத்தான் அந்த அறையில் நான் முதல் தடவையாகச் சிரித்தேன்.

அறைக்குள் வந்தவர்கள் சாப்பிடக் கூடாது. அதனால் சேகர் மதியம் கண்ணாடிச் சதுரத்துக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, டிபன் பாக்ஸைத் திறந்து, நான் சாப்பிடும் அதே நேரத்தில் சாப்பிடுவார். எதுவும் பேச முடியாது. குழம்பு நன்றாக இல்லையென்றால் முகத்தைச் சுளித்துக் காட்டுவார்.

தனியறையில் ஒன்பதாம் நாள் கண்ணாடியில் சேகருக்குப் பதிலாக ஷபானாவின் முகம் தெரிந்தது. உள்ளே வரவில்லை. கதவை ஒரு விரல் அளவு தள்ளி, அந்த இடைவெளியில் பேசினாள்.

“அம்மாவுக்கும் வந்துடுச்சு. கால் புண்ல. எந்த மருந்தும் கேக்கலயாம். ரெண்டு விரல எடுத்துட்டாங்க. உங்கட்டேர்ந்துதான் வந்துச்சுன்னு வார்டுல பேசிக்கிறாங்க. நெஜமா ஆன்ட்டி?”

எனக்குத் தெரியாது என்றேன். அது உண்மைதான். ஆனால் சொல்லும்போதே எனக்கு அந்த மக் ஞாபகம் வந்துவிட்டது. ஸ்டென்ட் வைத்த பிறகு சிறுநீர் வடிய மாட்டியிருந்த பிளாஸ்டிக் பையைச் சரிசெய்த அதே கையால்தான் தண்ணீர் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். கை கழுவினேனா? கழுவினேன், அதே பேசினில். ஷபானா கதவை விட்டுவிட்டுப் போய்விட்டாள். கதவு தானாக மூடிக்கொண்டது.

அதற்குப் பிறகு அந்த அறையின் அளவு இன்னும் சுருங்கியது. வெளியே போய் அவர் படுக்கையருகே நின்று ஒரு வார்த்தை கேட்கலாம் என்றால் முடியாது. நான் போனாலே அது குற்றம். போன் எண்ணும் இல்லை. எல்லாரையும் ஊசி போடவும் மாத்திரை கொடுக்கவும் மட்டும் விட்டுவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். கொலிஸ்டின் வேறு வேலையைக் காட்டியது. கிரியாட்டினின் என்பது தசைகள் கழித்துவிடும் கழிவு. சிறுநீரகம் ஒழுங்காக வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் ஏறும். ஒன்றை ஒட்டி இருக்க வேண்டியது எனக்கு மூன்றைத் தாண்டியது. கிருமியைக் கொல்வதா, சிறுநீரகத்தைக் காப்பதா என்று தினமும் காலையில் டாக்டர்கள் என் கட்டிலைச் சுற்றி நின்று ஆங்கிலத்தில் பேசினார்கள்.

டாக்டர் சித்ரலேகா மறுபடி வந்தபோது நேராகக் கேட்டேன். என் கிருமிதான் அந்த அம்மாவுக்குப் போனதா?

இன்னொரு நோயாளியைப் பற்றி உங்களிடம் நான் பேசக் கூடாது என்றார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். மேலங்கியோடு அந்த அறையில் உட்கார்ந்த முதல் ஆள் அவர்தான். மும்தாஜ் அக்காவிடமும் ஷபானாவிடமும் தான் பேசி அனுமதி வாங்கிக்கொண்டு வருவதாகவும், இரண்டு பேருடைய கிருமியையும் முழுதாகப் படிக்க வேறொரு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப என் சம்மதமும் வேண்டும் என்றும் சொன்னார். என் விவரம் எல்லாவற்றையும் அவர்களிடம் தாராளமாகச் சொல்லுங்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு நாளில் அவர்கள் கையெழுத்தும் வந்தது.

அதன் பிறகுதான் ஒரு விஷயம் தெரிந்தது. எனக்கு இருந்தது க்ளெப்சியெல்லா. மும்தாஜ் அக்காவின் காலில் இருந்தது ஈகோலை. இரண்டும் வேறு வேறு கிருமி. அப்பாடா என்று இருந்தது எனக்கு. அந்த நிம்மதி ஐந்து நிமிடம் நீடித்தது.

கிருமிகள் வேறாக இருந்தாலும் மருந்தை எதிர்க்கும் சக்தி ஒன்றாக இருக்கலாம் என்றார் டாக்டர். பாக்டீரியாவுக்குள் அதன் முக்கியமான மரபுப்பொருள் தவிர, பிளாஸ்மிட் என்று சின்ன வளையமாக ஒன்று தனியாக இருக்கும். பக்கத்தில் இன்னொரு பாக்டீரியா இருந்தால், ஒரு குழாய் மாதிரி நீட்டி, அந்த வளையத்தின் நகலை அதற்குக் கொடுத்துவிடும். அது வேறு இனமாக இருந்தாலும் சரி. மருந்தை முறிக்கும் மரபணுக்கள் அதில்தான் ஏறிப் போகின்றன. என் க்ளெப்சியெல்லா மும்தாஜ் அக்காவின் ஈகோலைக்கு அதைக் கொடுத்திருக்கலாம். எதிர்ப்பக்கமும் நடந்திருக்கலாம்.

“உங்க பிளாஸ்மிட்ல இன்னொண்ணும் இருக்கு, அது வரைக்கும் எங்க லேப்லயே பாத்துட்டேன். அது மேல எனக்கு ரொம்ப நாளா ஒரு கண்ணு” என்று சொல்லி, யாழினியின் நோட்டை வாங்கிக் கடைசிப் பக்கத்தில் வரைந்து காட்டினார்.

அதன் பெயர் இன்ட்ரான். எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். ஒரு கடிதத்தின் நடுவில் சம்பந்தமே இல்லாத ஒரு பத்தி வந்து உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தை நகல் எடுக்கிறோம். நகலில் இருக்கும் அந்தப் பத்தி தானே மடங்கி, தன்னைத் தானே வெட்டிக்கொண்டு வெளியே வந்து, தனக்கு முன்னும் பின்னும் இருந்த வரிகளை ஒட்டிவிட்டுப் போய்விடுகிறது. நகலைப் படிக்கிறவருக்கு அங்கே ஒன்று இருந்ததே தெரியாது. மூலக் கடிதத்தில் அது அப்படியே இருக்கும். எந்தக் கெடுதலும் செய்யாததால் பாக்டீரியாவும் அதை விரட்டுவதில்லை. வெட்டிக்கொண்டு வந்த துண்டோ, தனக்கென்றே செய்துகொண்ட ஒரு புரதத்தின் துணையோடு, இன்னொரு கடிதத்தில் தனக்குத் தெரிந்த முகவரியைத் தேடிப் போய் நுழைந்து, அங்கேயும் ஒரு நிரந்தரப் பத்தி ஆகிவிடுகிறது. தனியாக அதனால் ஒரு பாக்டீரியாவை விட்டு இன்னொன்றுக்கு லேசில் போக முடியாது. பிளாஸ்மிட்டில் ஏறிக்கொண்டால் எங்கும் போகலாம்.

இதுதான் எனக்கு நோயைக் கொடுத்ததா என்று கேட்டேன். இல்லை, இது உங்களை ஒன்றும் செய்யவில்லை, மருந்தை முறிப்பதும் இது இல்லை, அதே வண்டியில் பயணம் செய்கிற ஆள், அவ்வளவுதான் என்றார். ஆனால் இந்த ஆள் எந்த சீட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்தால் வண்டியை அடையாளம் காண ஒரு துப்புக் கிடைக்கும்.

அவர் போன பிறகு அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் தள்ளினால் திறக்கும் ஒரு கதவைத் தாண்ட முடியாமல் கிடக்கிறேன். எனக்குள் இருக்கும் ஒரு துண்டு, எந்த நோக்கமும் இல்லாமல், அடுத்த இடத்துக்குப் போவது ஒன்றையே வேலையாக வைத்துக்கொண்டு, இனம் விட்டு இனம் போய்க்கொண்டிருக்கிறது. கோபம் வந்தது. கோபப்பட அங்கே யாரும் இல்லை.

முடிவு வரப் பத்து நாளுக்கு மேல் ஆனது. அதற்குள் ஒருநாள் கட்டிலோடு ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போய், ஸ்டென்டை மாற்றிக் கல்லையும் எடுத்துவிட்டார்கள். காய்ச்சல் நின்றது. கிரியாட்டினின் மெல்ல இறங்கியது. மும்தாஜ் அக்காவுக்கு முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள் என்று ஆயா சொன்னார். அன்று மதியம் சேகர் கண்ணாடிக்கு வெளியே டிபன் பாக்ஸைத் திறந்தார். சாப்பாடு வேண்டாம் என்று நான் தலையாட்டினேன். அவரும் மூடி வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

இருபத்துமூன்றாம் நாள் டாக்டர் சித்ரலேகா வந்து உட்கார்ந்தார். இரண்டு கிருமியிலும் அந்த இன்ட்ரான் ஒரே இடத்தில் இருந்தது. ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாதாம். ஒரே முகவரியைத் தேடிப் போகிற பழக்கம் அதற்கு இருப்பதால், இரண்டு வெவ்வேறு பிளாஸ்மிட்டில் தனித்தனியாகப் போய் உட்கார்ந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அதனால் பிளாஸ்மிட் முழுவதையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டார்கள். ஒன்றேதான். பிறகு வார்டு வாஷ்பேசின்களின் வடிகாலுக்குள் நீண்ட பஞ்சுக்குச்சி விட்டு எடுத்துப் பார்த்தார்கள். எங்கள் இரண்டு படுக்கைக்கும் நடுவில் இருந்த பேசினில், மூன்றாவதாக ஒரு பாக்டீரியா, அதே பிளாஸ்மிட்டோடு. நான் சேர்வதற்கு இரண்டு மாதம் முன்பு அந்த வார்டில் இருந்த ஒருவரின் கிருமியை ஃப்ரீசரில் வைத்திருந்தார்கள். அதிலும் அதே.

“அப்ப என்கிட்டேர்ந்து போகலயா?”

“நீங்க வர்றதுக்கு முன்னாடியே அது அங்க இருந்துச்சு. அது வரைக்கும் உறுதியாச் சொல்வேன். பேசின்லேர்ந்து நேரா அவங்களுக்குப் போச்சா, உங்க கை வழியாப் போச்சான்னு கேட்டா, தெரியாது. இனிமேலும் யாராலயும் சொல்ல முடியாது, பரிமளா.”

அதை அவர் பொய்யாக மாற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுநாள் நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்து, ஆய்வு முடிவுகளை வெளியே பேசினால் மற்ற நோயாளிகள் பயப்படுவார்கள் என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். அதற்குள் டாக்டர் சித்ரலேகா மும்தாஜ் அக்காவின் குடும்பத்திடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தார். பேசினைக் கழற்றி அந்தக் குழாயை அடைத்துவிட்டார்கள் என்று ஆயா சொன்னார்.

இருபத்தாறாம் நாள் அந்தக் கதவை நானே நடந்து தாண்டினேன். வீட்டிலும் நான் முழுதாக வெளியே வந்துவிடவில்லை. நோய் போனாலும் அந்தக் கிருமி குடலில் பல மாதம் சும்மா இருக்கலாமாம். திடமான ஆட்களுக்கு ஆபத்தில்லை, கை கழுவினால் போதும், ஆனால் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று ஒரு கடிதம் கொடுத்தார்கள். யாழினிக்கு நான் சோறு பிசைந்து கொடுக்கவில்லை. ஒரு தட்டு, ஒரு டம்ளர், தனிச் சோப்பு. பத்து நாள் பார்த்த சேகர், பதினோராம் நாள் என் தட்டில் மிச்சமிருந்த சாதத்தை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, “டாக்டர கேட்டுட்டுதான் துண்றேன், போ” என்றார்.

இரண்டாம் மாதம், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, ஒருநாள் காலையில் பூந்தமல்லிக்குப் போனேன். மும்தாஜ் அக்காவே ஆள் விட்டு என்னை வரச் சொல்லியிருந்தார். கடைக்கு மேலே வீடு. வாசலில் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, கட்டிலுக்கு எட்ட உட்கார்ந்தேன். அவர் இளைத்திருந்தார். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டேன். தண்ணீர் நான் கொடுத்தது, பையைத் தொட்ட கை, எல்லாம்.

அவர் போர்வையை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

“நீ குடுத்தது நெஜம். நான் கேட்டதும் நெஜம். இன்னார்தான்னு பிரிச்சி சொல்ல முடிலன்னு அந்த டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க. நாம ஏம்மா ஒக்காந்து பிரிச்சிகினு கீறோம்” என்றார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். கையைப் பிடித்துக்கொள்ள இரண்டு பேரும் பயந்தோம்.

ஷபானா டீ கொண்டுவந்து வைத்தாள். உட்காரவில்லை. கிளம்பியபோது செருப்பை மாட்டிக்கொண்டு என்கூடவே இறங்கி வந்தாள். டிரங்க் ரோட்டில் அம்பத்தூர் போகிற ஷேர் ஆட்டோவுக்காக நின்றோம். அவள் சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டோ வந்து நின்றபோது சொன்னாள்:

“அடுத்த தடவ மத்தியானமா வாங்க ஆன்ட்டி. காலைல கட்டு மாத்தறப்ப அம்மா அழும். யாராவது பாத்தா அதுக்குப் பிடிக்காது.”

அதன் பிறகு நான் மத்தியானத்தில்தான் போகிறேன்.